பாகற்காய் எந்த வயதில் பிடிக்க ஆரம்பிக்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "சின்ன வயதில் பாகற்காய் சமைத்த நாளில் நான் சாப்பாட்டுக்கே வர மாட்டேன். இப்போது 35 வயது. பாகற்காய் பிட்லை என்றால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். என் நாக்கு மரத்துவிட்டதா? என் 4 வயது மகள் பருப்பு சாதம், தயிர் சாதம், அப்பளம் தவிர எதையும் தொடுவதில்லை. அவளும் தானாக மாறிவிடுவாளா? இல்லை, மாமியார் சொல்வதுபோல் மிரட்டியாவது ஊட்டிவிட வேண்டுமா? கசப்பை எப்போது ஆரம்பிக்கலாம்?"

குழந்தைகளின் சாப்பாட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் நாக்கு மரத்துப்போகவில்லை. வயதானால் சுவை மொட்டுகள் குறைந்துவிடும், அதனால்தான் பெரியவர்களுக்குக் கசப்பு உறைப்பதில்லை என்று பலரும் சொல்வார்கள். மொட்டுகள் குறைவது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் அறுபதை ஒட்டித் தெரியவரும் சமாசாரம். சுவைச் செல்கள் ஏறக்குறைய 10 நாட்களுக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கின்றன. சூடான காப்பியில் சுட்டுக்கொண்ட நாக்கு சில நாளில் பழையபடி ஆகிவிடுவது அதனால்தான். 35 வயதில் உங்களுக்குப் பாகற்காய் இன்னும் கசக்கவே செய்கிறது. அந்தக் கசப்போடு உங்களுக்கு இருந்த பகைதான் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்பதற்கு ஒரே ஒரு காரணம் கிடையாது. ஆனால் இத்தனை குடும்பங்களைப் பார்த்தபின் எனக்கு ஒரு கணிப்பு உண்டு: பெரியவர்களான பிறகு பல உணவுகள் நமக்குப் பிடித்துப்போவதற்குப் பெரிய காரணம், "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு உரிமை வந்துவிடுவதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

குழந்தை கசப்பை வெறுப்பது அடம் அல்ல, பிறவிக் குணம். 1970களில் ஜேக்கப் ஸ்டைனர் என்ற ஆய்வாளர், பிறந்து சில மணி நேரமே ஆன, இன்னும் பால்கூடக் குடிக்காத சிசுக்களின் நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்புத் துளிகளை வைத்துப் பார்த்தார். இனிப்புக்கு முகம் தளர்ந்து உதடு சப்புக்கொட்டியது. கசப்புக்கு வாயைக் கோணித் துப்பப் பார்த்தன. இனிப்பை அறிய நம் நாக்கில் ஒரே வகை ஏற்பிதான் இருக்கிறது. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகை. செடிகொடிகள் தங்களைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் நஞ்சுகளில் பல கசப்பானவை என்பதால், உடம்பு இத்தனை காவல் போட்டு வைத்திருக்கிறது. அந்தக் காவல் வீண் அல்ல. நம் ஊரில் சுரைக்காய் நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் தூக்கிப் போடும் பழக்கம் உண்டல்லவா? அது நியாயமான பழக்கம். கசந்த சுரைக்காய்ச் சாற்றை "உடம்புக்கு நல்லது" என்று மடமடவெனக் குடித்துச் செத்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். கசந்தால் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நிபுணர் குழு வைத்து எச்சரிக்க வேண்டி வந்தது. பாகற்காயின் கசப்பு அப்படிப்பட்டதல்ல. ஆனால் 4 வயதுக் குழந்தையின் நாக்குக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. "ஒரு வயசு வரைக்கும் என்ன கொடுத்தாலும் சாப்பிட்டா, இப்பதான் இப்படி ஆயிட்டா" என்று சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. அநேகமாக எல்லாக் குழந்தைகளிடமும் இது நடக்கிறது. ஏறக்குறைய 2 வயதில் ஆரம்பித்து 6 வயது வரை புது உணவைக் கண்டு மிரள்வது உச்சத்தில் இருக்கும். கைக்குழந்தை மடியில் இருக்கும்போது அதன் வாய்க்குள் போவதை அம்மா தீர்மானிக்கிறாள். நடக்க ஆரம்பித்துவிட்டால் வேலியோர அரளியும் குன்றிமணியும் ஆமணக்குக் கொட்டையும் கைக்கு எட்டும். அந்த வயதில் தெரியாததை வாயில் போடத் தயங்கிய பிள்ளைதான் பிழைத்திருக்கும் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்றுக்கொள்ளக் கூடியதாகவே இருக்கிறது.

இந்த மிரட்சி எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில் இருக்காது. பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள 5000க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குழந்தைகளுக்கு இடையே உள்ள இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு பரம்பரையால் வருவது என்று தெரிந்தது. நீங்கள் சின்ன வயதில் பாகற்காய் நாளில் சாப்பாட்டுக்கே வராதவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தலையில்தான் விழும். ஆனாலும் "நீ வளர்த்த லட்சணம்" என்று யாராவது சொன்னால், அதில் பெரும்பகுதி உண்மையில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளின் நாக்கு பெரியவர்களுடையதிலிருந்து உண்மையிலேயே வேறுபடும் இடமும் ஒன்று இருக்கிறது. 1931இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு வேதிப்பொடியைக் கையாளும்போது கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறதே என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அங்கே ஆரம்பித்த தேடல் 2003இல் ஒரு மரபணுவில் போய் முடிந்தது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகுக்கீரை வகைகளில் இருக்கும் ஒருவிதக் கசப்பு யாருக்கு உறைக்கும், யாருக்கு உறைக்காது என்பதில் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. 2005இல் ஜூலி மென்னெல்லாவும் சகாக்களும் குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் ஒன்றாக வைத்துச் சோதித்தபோது, அந்த மரபணு ஒரே மாதிரி அமைந்தவர்களுக்குள்ளேயே, கசப்புணர்வு மத்திமமாக இருக்க வேண்டிய வகையினரில் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு அதிகம் உறைத்தது. முள்ளங்கி சாம்பாரை நீங்கள் ருசித்துச் சாப்பிடும்போது மகள் "கசக்குது" என்றால், உங்கள் வாயில் இல்லாத கசப்பு அவள் வாயில் இருக்கக்கூடும். பொய் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். கருணைக்கிழங்கும் இப்படித்தான். "நாக்கு அரிக்குது" என்ற பிள்ளையை எத்தனை வீடுகளில் அதட்டியிருப்போம்! அதில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. சரியாக வேகாவிட்டால் குத்தத்தான் செய்யும். புளி சேர்த்து நன்றாக வேகவைத்தால் அரிப்பு அடங்கும்.

இனிப்பில் இருக்கும் வேறுபாடு இன்னும் பெரியது. நாம் திகட்டுகிறது என்று ஒதுக்கும் அளவுச் சர்க்கரையைக் குழந்தைகள் விரும்பிக் குடிப்பார்கள். வளரிளம் பருவத்தின் நடுவில் அது இறங்கத் தொடங்குகிறது. அமெரிக்காவில் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த 2009ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அதிக இனிப்பை விரும்பியவர்களிடம் எலும்பு வளர்ச்சியைக் காட்டும் குறியீடும் அதிகமாக இருந்தது. வளரும் உடம்பு சக்தி கேட்கிறது, அதனால் இனிப்பு கேட்கிறது. ஆக, வெறுப்பு மறைவது மட்டுமல்ல, சில விருப்பங்களும் மறைகின்றன. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற சேமியா ஐஸை இன்றைக்கு ஒன்று முழுதாகச் சாப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

இனி, உங்கள் பாகற்காய்க்கு வருவோம். நீங்கள் சின்ன வயதில் சாப்பிட மறுத்ததும் இப்போது கேட்டு வாங்குவதும் ஒரே பண்டம்தானா? கேள்வியில் நீங்களே "பாகற்காய்" என்று ஆரம்பித்துப் "பிட்லை" என்று முடித்திருக்கிறீர்கள். அரைகுறையாக வதக்கிய பொரியல் வேறு. பாகற்காயை நறுக்கி உப்பும் மஞ்சளும் பிசிறி அரை மணி வைத்துப் பிழிந்து, புளித்தண்ணீரில் வேகவைத்து, துவரம்பருப்பும் வறுத்தரைத்த தனியா, தேங்காயும் சேர்த்து, கடைசியில் வெல்லம் கிள்ளிப் போட்டு இறக்கும் பிட்லை வேறு. உப்பு பிசிறினால் காயிலிருந்து கசப்புத் தண்ணீர் இறங்குகிறது என்பது பாட்டிகளுக்குத் தெரியும். உப்பு அதற்கு மேலும் ஒன்று செய்கிறது: நாக்கிலேயே கசப்பை அடக்குகிறது. 1997இல் பிரெஸ்லினும் பூசாம்பும் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் உப்பைச் சேர்த்தபோது கசப்பு தணிந்தது. அதுவரை கசப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த இனிப்பு மேலே வந்தது. பிட்லையில் வெல்லம் அவ்வளவு எடுத்துக்காட்டுவது இதனால்தான். யாழ்ப்பாணத்தில் பாகற்காயைப் பொரித்துத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைப்பார்கள். கொழுப்பும் கசப்பின் முனையை மழுக்கிவிடும். பல பெரியவர்களின் "எனக்கு இப்போ பிடிக்குது" என்பதில் பாதிக்குக் காரணம், கையில் காசு வந்ததும் நல்ல சமையலைத் தேடிப்போக முடிந்ததுதான்.

சுவைப் பழக்கம் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 2001இல் மென்னெல்லாவின் குழுவினர், கடைசி மூன்று மாதங்களில் கேரட் சாறு குடித்த கர்ப்பிணிகளின் குழந்தைகள் பிறகு கேரட் கலந்த தானியக் கூழை முகம் சுளிக்காமல் சாப்பிட்டதைக் கண்டார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1991இல், பூண்டு சாப்பிட்ட தாயின் பாலில் பூண்டு மணம் ஏறுவதையும், அப்போது குழந்தை மார்பை விடாமல் அதிக நேரம் சப்புவதையும் காட்டியிருந்தார்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் மிளகு ரசமும் கொடுப்பது பால் சுரப்புக்கும் உடம்பு தேறவும்தான். ஆனால் அதோடு பிள்ளைக்குப் பூண்டு மணமும் அறிமுகமாகிவிடுகிறது. "அதைத் தொடாதே, இதைத் தொடாதே, குழந்தைக்கு ஆகாது" என்று தாயை வெறும் ரசம் சாதத்தில் மாதக்கணக்கில் நிறுத்தும் பத்தியம்தான் எனக்கு உடன்பாடில்லாதது.

ஒரு ருசியை விரும்பக் கற்றுக்கொள்வதைப்போல வெறுக்கவும் உடம்பு கற்றுக்கொள்கிறது, அதுவும் ஒரே முறையில். ஜான் கார்சியா 1955இல் எலிகளுக்குச் சாக்கரின் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் அவற்றின் வயிற்றைப் புரட்டவைத்தார். அதன் பிறகு அவை அந்த இனிப்புத் தண்ணீரை ஒதுக்க ஆரம்பித்தன. மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுத்த பிள்ளை, ஏறுமுன் சாப்பிட்ட எலுமிச்சை சாதத்தை வருடக்கணக்கில் தொடாமல் இருப்பதும் இதே கதைதான். வளைவுகள்தான் காரணம், சோறு அல்ல என்று அறிவுக்குத் தெரிந்தாலும் வயிறு கேட்காது. எங்கள் தலைமுறையில் விளக்கெண்ணெயைக் காப்பியில் கலந்து கொடுத்து, காப்பியை வெறுத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இலீன் பெர்ன்ஸ்டைன் 1978இல் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு, குமட்டலை உண்டாக்கும் மருந்து ஏற்றுமுன் புதுவகை ஐஸ்கிரீம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் பலர் பிறகு அந்த ஐஸ்கிரீமையே வேண்டாம் என்றார்கள். ஐஸ்கிரீமுக்கே இந்தக் கதி என்றால் தயிர் சாதத்துக்கு என்ன ஆகும்? உங்கள் மகள் நம்பிச் சாப்பிடும் மூன்று பண்டங்களில் எதிலும் மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள். மூன்று இரண்டாகிவிடும். இந்த வகை வெறுப்புகள்தான் வயதானாலும் போகாமல் தங்குபவை.

வேறு சில வெறுப்புகளுக்கும் நாக்குக்கும் சம்பந்தமே கிடையாது. உப்புமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பிடிக்காமல்போக என்ன இருக்கிறது? ரவை, வெங்காயம், கடுகு, கொஞ்சம் இஞ்சி. ஆனால் மாவு தீர்ந்த நாளில், அம்மாவுக்கு முடியாத நாளில், திடீரென்று விருந்தாளி வந்த இரவில் வருவது உப்புமா. இட்லி இல்லை என்ற செய்தியோடு அது வருகிறது; பிள்ளைகள் அந்தச் செய்தியைத்தான் வெறுக்கிறார்கள். கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் இதைவிடக் கூர்மையான உதாரணங்கள். அரிசிச் சோறு வசதியின் அடையாளமாக இருந்த காலத்தில், களி சாப்பிடுகிற வீடு என்று பள்ளியில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சிய பிள்ளைகள் அதன் ருசியையும் சேர்த்தே வெறுத்தார்கள். கருவாட்டு வாசம் சட்டையில் ஒட்டிவிடுமோ என்று பயந்தவர்களும் உண்டு. இன்று அதே கேழ்வரகு, 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நகரத்து உணவகங்களில் சட்டியில் வைத்து விலை போட்டு வருகிறது. ஐம்பது வயதுக்காரர்கள் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். தானியம் மாறவில்லை. அதைச் சாப்பிட்டால் யார் என்ன நினைப்பார்கள் என்பது மாறிவிட்டது.

இப்போது உரிமை விஷயம். மாமியாருக்கு என்ன சொல்வது என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது.

2002இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், சின்ன வயதில் உங்களைக் கட்டாயப்படுத்திச் சாப்பிடவைத்த உணவு உண்டா, அதை இப்போது விரும்பிச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். அப்படி நடந்ததாகச் சொன்னவர்களில் பத்துக்கு ஏழு பேர், மாட்டோம் என்றார்கள். அந்த நாளில் தாங்கள் வாய் திறக்க மறுத்ததும், அப்பாவோ ஆசிரியரோ பக்கத்தில் நின்றதும் அவர்களுக்கு நினைவிருந்தது. 2006இல் வந்த இன்னொரு ஆய்வில் மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றுக்கு "சூப்பைக் குடித்து முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களில், ஒன்றும் சொல்லாத சூப்பைத்தான் அதிகம் குடித்தார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றித்தான் நிறையக் குறை சொன்னார்கள்.

பரிசும் எப்போதும் உதவுவதில்லை. லியான் பர்ச் 1984இல் கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். குடித்ததற்குப் பரிசோ பாராட்டோ பெற்ற குழந்தைகளுக்கு அது முன்பைவிடப் பிடிக்காமல்போனது. சும்மா குடித்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. "ரெண்டு வாய் பொரியல் சாப்பிட்டா ஐஸ்கிரீம்" என்னும்போது குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: கூலி கொடுத்தால் ஒழிய யாரும் தொடாத பண்டம் போலிருக்கிறது இந்தப் பொரியல். ருசி பார்த்ததற்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் கொடுப்பது உதவுவதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் சில சொல்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் இனிப்பைப் பரிசாக வைக்காதீர்கள். போனைக் காட்டி ஊட்டுவதும் வேண்டாம். வாயில் என்ன போகிறது என்றே தெரியாமல் விழுங்கும் பிள்ளை எந்த ருசியையும் கற்றுக்கொள்ளாது.

வற்புறுத்தாமல் எப்படிப் பழகும் என்று மாமியார் கேட்பார். மிளகாயைப் பாருங்கள். கசப்பாவது ருசி, மிளகாய் நேரடியாக வலி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்த அந்தக் காயை இன்று கோடிக்கணக்கானவர்கள் கேட்டுச் சாப்பிடுகிறார்கள். பால் ரோசின் என்ற உளவியலாளர் மெக்சிகோவில் ஓவஹாகா மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் தனியாக, குறைவாகக் கொடுக்கிறார்கள். பெரியவர்களும் அண்ணன் அக்காக்களும் காரத்தோடு சாப்பிடுகிறார்கள். யாரும் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை. 5, 6 வயதுக்குள் பிள்ளைகள் தாங்களாகவே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே வீடுகளின் மிச்சத்தைத் தின்று அதே காரத்தைத் தினமும் சந்தித்த நாய்களுக்கும் பன்றிகளுக்கும் அந்த ஆசை வரவே இல்லை. ஆக, தினமும் வாய்க்குள் போவது மட்டும் போதாது. தனக்குப் பிரியமானவர்கள் சந்தோஷமாகச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது: முதலில் பருப்பும் நெய்யும், பிறகு தெளிவு ரசம், பிறகு சாம்பார், பிறகு "எனக்கும் அந்த வத்தக்குழம்பு" என்று பிள்ளையே தட்டை நீட்டும் நாள். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர்கள் எந்த ஆய்வையும் படிக்கவில்லை.

பர்ச் 1980இல் செய்த இன்னொரு சோதனையும் இதற்குப் பொருந்தும். ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பும் குழந்தைகள் நடுவில் உட்காரவைத்தார். சில நாளில் அந்தக் குழந்தையும் அதையே எடுக்க ஆரம்பித்தது. அங்கன்வாடியிலும் பள்ளிச் சத்துணவிலும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை, வீட்டில் முட்டையைத் தொடாது, அங்கே தின்றுவிட்டு வரும். தாய்க்கு அது அவமானமாக இருக்கிறது. இருக்க வேண்டாம். கல்லூரி விடுதிக்குப் போய் வந்த பிள்ளை திடீரென்று கத்தரிக்காய் சாப்பிடுவதிலும் பசிக்கும் கூட்டாளிகளுக்கும் பெரும்பங்கு உண்டு. அங்கே வேண்டாம் என்றால் யாரும் கெஞ்சப்போவதில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு இடத்தில்தான் பாகற்காயோடு சமாதானம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சில வெறுப்புகள் மாறாது, மாறவும் வேண்டாம். கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு போல மணக்கிறது. வாசனை ஏற்பி மரபணு ஒன்றுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 2012இல் தெரியவந்தது. பாலாடை, வழவழ வெண்டைக்காய் போன்றவற்றை ருசிக்காக அல்லாமல், வாயில் படும் விதத்துக்காகவே வாழ்நாள் முழுக்க ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். வெண்டைக்காயையாவது நன்றாக வறுத்துக் கொடுக்கலாம். பாலாடையை வடிகட்டிவிடுங்கள், அதோடு விடுங்கள். இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் வந்தபின் தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு குடிப்பவர்களைப் "பிடித்துப்போனவர்கள்" கணக்கில் சேர்க்காதீர்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். அவர்கள் மாத்திரையை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

மகள் தானாக மாறுவாளா? மிரட்சி 6, 7 வயதில் தானாகத் தணியத் தொடங்கும். ஆனால் அதுவரை தட்டில் வராத உணவு, அதற்குப் பிறகும் புது உணவாகவே இருக்கும். ஆகவே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு புது ருசி பழகப் பெரும்பாலும் 8 முதல் 15 தடவை வேண்டியிருக்கிறது. பெற்றோர் பலர் மூன்றாவது, ஐந்தாவது தடவையிலேயே "இவளுக்குப் பிடிக்காது" என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். பார்ப்பது மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். பட்டபின் துப்பினாலும் கணக்கில் உண்டு. அதனால் துப்புவதற்கு ஒரு கிண்ணம் வைத்துவிடுங்கள். துப்பலாம் என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து வாயில் வைக்கும். எலன் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொல்லும் முறைதான் நானும் வீடுகளில் சொல்வது: என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, அதில் எதை, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. அவளுக்கென்று தனியாக இன்னொரு சமையல் வேண்டாம். ஆனால் அவள் சாப்பிடும் மூன்றில் ஒன்று எப்போதும் தட்டில் இருக்கட்டும்.

எடை ஏறாமல் நின்றுவிட்டாலோ குறைந்தாலோ, ஏற்கெனவே சாப்பிட்டவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தாலோ, கட்டி உணவு வாயில் பட்டாலே ஓங்கரித்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இப்படித் தீவிரமாக உணவை ஒதுக்குவதைத் தனிக் கோளாறாகவே 2013 முதல் மருத்துவ வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதற்குப் பொறுமை மட்டும் போதாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பருப்பும் தயிரும் உள்ளே போகின்றன. ஆனால் இரும்புச்சத்து எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, கசப்பை எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதே ஆரம்பிக்கலாம், பாகற்காயில் அல்ல. மணத்தக்காளிக் கீரையின் கசப்பு மெலிசானது; பாசிப்பருப்போடு கடைந்து அவள் சாப்பிடும் பருப்பு சாதத்தின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் வையுங்கள். கலக்காமல், ஒளிக்காமல், கண்ணுக்குத் தெரியும்படி. அப்பளம் பிடிக்கிறது என்றால் அவளுக்கு நொறுங்குவது பிடிக்கிறது என்று அர்த்தம். அதனால் கீரை பழகியபின் பாகற்காயை வட்டமாக, காகிதம்போல் மெலிதாக நறுக்கி, உப்பு போட்டுப் பிழிந்து, அரிசி மாவு தூவிப் பொரித்து, அப்பளத்துக்குப் பக்கத்தில் இரண்டே இரண்டு வையுங்கள். மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள்: பேத்திக்கு எதிரே உட்கார்ந்து, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அந்த வறுவலைத் தாமே சாப்பிட வேண்டும். ஊட்டுவதைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருக்கும். பிட்லையை ஆறு, ஏழு வயதில் பார்த்துக்கொள்ளலாம்.